வடிகட்டியைத் துவைத்த மனுஷன்

லேசாகத்தான் ஊற்றினாராம், லேசாக, ஒரு மூடிகூட இல்லையாம், அரை மூடி, அதுவும் கடைசித் தண்ணீரில், அப்புறம் நன்றாக அலசியும் விட்டாராம்... எதை? சட்டையையா, தலையணை உறையையா? காபி வடிகட்டியை! வாங்கி வந்த அன்றே, இந்தத் துணிப்பையில் சோப்பே படக்கூடாது, வெந்நீரில் அலசினால் போதும், ஈரத்தோடு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாளே, அந்தப் பையை, தன் காலுறைகளோடும் மேஜை விரிப்போடும் சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, துணி மணக்க ஊற்றுகிற அந்த லோஷனையும் ஊற்றி, வெயிலில் காயவைத்து, அழகாக நாலாய் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார் புருஷன். அவளுக்கும்தான் புத்தி எங்கே போனது, எப்போதும் ஈரமாக டப்பாவில் கிடக்கிற பை காய்ந்து மடிப்போடு இருக்கிறதே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் அல்லவா? நேற்று சாயங்காலம் வேலைவிட்டு வந்த அலுப்பில், கொரகொரவென்று அரைத்த தூளை அதில் கொட்டி, வாயைக் கட்டி, ஜாடித் தண்ணீரில் முக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இப்போது காலையில் பையைத் தூக்கி ஜாடிக்கு மேலே பிடித்து வடியவிட்டுக்கொண்டு நிற்கும்போது, பின்னால் வந்து நின்று, என்னமோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி, "பை எப்படி வெளுத்துச்சு பாத்தியா? மெஷின்ல போட்டேன்" என்கிறார். லோஷனும் ஊத்தினீங்களா என்று கேட்டாள். "லேசாத்தான். அலசிட்டேன், வாசனையெல்லாம் ஒண்ணும் இருக்காது. அப்படியே இருந்தாலும் உனக்கு..." என்றார், அங்கேயே நிறுத்திக்கொண்டு, துணி மடிக்கப் போய்விட்டார்.

உனக்கு... உனக்கு என்ன? சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, உனக்குத் தெரியவா போகுது, அதுதானே மிச்சம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. பாதியில் நிறுத்தினால் மட்டும் குத்தாதா? முழுசாகச் சொல்லியிருந்தால் ஒரு கத்துக் கத்தி முடித்திருப்பாள், இப்போது மிச்சத்தை அவளே சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குரலில், ஒன்றைவிட ஒன்று மோசமாக. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போன மூக்கு. பிஸ்கட் ஃபேக்டரியில் அவள் மூக்கை நம்பித்தான் ஒவ்வொரு மாவுக் கலவையும் அடுப்புக்குப் போனது, எண்ணெய் காறல் ஏறத் தொடங்குவதை மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுவாள், வெண்ணெய் நேற்றையதா போன வாரத்ததா என்று மூடியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவாள், அவளைப் போய் லேபிள் மேஜையில் உட்காரவைத்திருக்கிறார்கள், தேதி நேராக அச்சாகியிருக்கிறதா கோணலாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க. இன்றைக்கு மத்தியானம் மறுபடி பரிசோதனை. இதிலும் தேறாவிட்டால் லேபிள் மேஜையே நிரந்தரம் என்று மேனேஜர் பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறார். முகர்ந்து பார்க்கிற அந்தக் குப்பிகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றி ஒட்டி வைத்தவள் யார்? இவள்தான். வேலைக்கு வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, ம், என்ன வாசனை, சொல்லுங்க, அவசரப்படாதீங்க என்று கேட்டவளும் இவள்தான், இன்றைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஏலக்காயா எலுமிச்சையா என்று முழிக்கப் போகிறாள். பக்கத்து மேஜைக்காரி நேற்றுக் காதோடு காதாகச் சொல்கிறாள், "அக்கா, குப்பி வரிசையை நான் பாத்து வச்சுக்கறேன், கண்ணாலயே சாடை காட்டறேன்." நல்ல மனசுதான், யார் இல்லை என்றது, ஆனால் அந்த நல்ல மனசைப் பார்த்ததும் அவளை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

பை இன்னும் சொட்டுகிறது, சொட்டு... சொட்டு... அவசரப்படுத்தக்கூடாது, தானாக வடிய வேண்டும், பிழிந்தால் மண்டி இறங்கிக் கசக்கும். இந்தப் பொறுமைக்காகத்தான் பச்சைத் தண்ணீர்க் காபிக்கே மாறினாள். சூடான காபி பெரிய ஏமாற்றுக்காரன், ஆவி மேலே வரும்போதே மூக்கு பழைய பழக்கத்தில் போய்க் காத்துக்கொண்டு நிற்கும், ஒன்றும் வராது, வெறும் வெந்நீர்க் கசப்பு, தினமும் காலையில் யாரோ வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி. குளிர்ந்த காபி எதையும் காட்டி ஆசைகாட்டாது, நாக்குக்கு ஒரு வழவழப்பு, லேசான தித்திப்பு, அவ்வளவுதான், மானத்தோடு குடிக்கலாம். அவளுக்கென்று மிஞ்சியது இந்த வீட்டில் அது ஒன்றுதான், அதிலும் போய்க் கையை வைத்தாயிற்று! தூளைத் தினமும் முகர்ந்து பார், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் திரும்பும் என்றார் டாக்டர், அவளும் டப்பாவைத் திறந்து முகர்ந்துகொண்டுதான் இருக்கிறாள், இன்றைக்கும் முகர்ந்தாள், காற்றுதான். மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்பார்களே, மூக்கே இல்லாதவளுக்கு எங்கே வரும்? கைக்கு வந்தது. பையை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழிந்தாள், போகட்டும், கசக்கட்டும், சோப்புக் காபிதானே, மண்டி இறங்கினால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

அடுத்த அறையில் அவர் துணியை உதறுகிற சத்தம் கேட்கிறது. நல்ல மனுஷன்தான், கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து வீட்டுத் துணி முழுவதையும் அவரே துவைக்கிறார், எந்தப் புருஷன் செய்வான் என்று அவள் அம்மா ஃபோனில் உருகுவாள். அதுதான் எரிச்சலே, திட்டவும் முடியாத நல்ல மனுஷன். பால் அடிப்பிடித்துக் கரிந்தது தெரியாமல் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள் ஒருநாள், அன்றிலிருந்து சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் போலீஸ் நாய் மாதிரி மூலை மூலையாக மோப்பம் பிடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறார். சாப்பிடும்போது ஆஹா என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து, உப்பு சரியா இருக்கு என்று முடிக்கிறார். பூ வாங்குவதை நிறுத்திவிட்டார். யார் கேட்டார்கள்? இவர் பாட்டுக்கு மூக்குக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு, வடிகட்டியில் எதை ஊற்றினாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட்டார். நான் முடிவுகட்டவில்லையே? இன்னும் மத்தியானம் வரவில்லையே?

கொட்டித்தான் தொலைக்க வேண்டும், சிங்க்கில் கவிழ்க்க ஜாடியைத் தூக்கியும் விட்டாள். ஆனால் கொட்டினால் அவர் வந்து, ஐயோ கொட்டிட்டியா என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார், அப்புறம் அதற்கும் இவளே சமாதானம் சொல்ல வேண்டும். குடித்தால்? உனக்குத் தெரியவா போகுது, ஆமாம், தெரியாதுதான், பாருங்க, மடக் மடக்கென்று குடிக்கிறேன், திருப்திதானே? டம்ளர் நிறைய ஊற்றினாள், நின்ற வாக்கிலேயே குடித்தாள். கசப்பு, குளிர்ச்சி, நாக்கில் நறநறவென்று மண்டி. விழுங்கினாள், மூச்சை விட்டாள்... என்ன அது? தொண்டைக்கும் மேலே, பின்னால் எங்கோ, ஒரு நூல் போல, பச்சையாக, ஈரமாக... போய்விட்டது. இன்னொரு வாய். காபி இல்லை, காபி வரவே இல்லை, வேறு ஏதோ, வெள்ளரிக்காயை இப்போதுதான் நறுக்கி வைத்த மாதிரி... பிரமை. லோஷன் லோஷன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டே குடித்தால் லோஷன் மணக்காமல் என்ன செய்யும்? ஆனால் லோஷன் புட்டியில் இருப்பது ஊதாப் பூப் படம், பிரமை என்றால் பூவாக அல்லவா வர வேண்டும், வெள்ளரிக்காய் எங்கிருந்து வந்தது? அந்த லோஷனைக் காய்ச்சலுக்கு அப்புறம்தானே அவர் வாங்க ஆரம்பித்தார், அது எப்படி மணக்கும் என்று இவளுக்குத் தெரியவே தெரியாதே. டம்ளரைக் கீழே வைத்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது, இறக்கி வைக்க இடம் தெரியாமல்.

"ஏங்க," என்றாள், குரல் எப்போதையும்விடக் கடுப்பாக வந்தது, "அந்த லோஷன் எப்படி மணக்கும்?"

அவர் பயந்துபோய் வந்தார், ஒரு கையில் பாதி மடித்த துண்டு. "குடிச்சிட்டியா? வயித்துக்கு ஏதாவது..." "அதை விடுங்க. எப்படி மணக்கும்னு கேட்டேன்." மெஷின் மேலிருந்த புட்டியை எடுத்து, மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோனார், எவ்வளவு சுளுவாக முகர்கிறார், ஒரு விலையும் இல்லாமல். "படத்துல என்னமோ பூ போட்டிருக்கான். எனக்கு அப்படித் தோணல. வெள்ளரிக்காய் நறுக்கின மாதிரி இருக்கும்." அப்புறம் அவரே, "ஏன் கேக்கறே?" என்றார்.

இத்தனை மாதமாக இந்த வீடு முழுக்க, படுக்கையும் துண்டும் இவர் சட்டையும் இவள் புடவையும், வெள்ளரிக்காயாக மணந்துகொண்டிருந்திருக்கிறது, ஒருத்தர் வாய்திறந்து சொல்லவில்லை! ஒரு சத்தம் போட வாயைத் திறந்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள், "எனக்கு..."

சொல்லிவிட்டால் அந்த மணம் இருந்துவிடுமா, இல்லை, சொன்ன வாயோடு போய்விடுமா? மத்தியானம் கறுப்புத் தாள் குப்பியைத் திறக்கும்போது மறுபடி வெறும் காற்றாக இருந்தால்? காபிதான் இன்னும் வரவில்லையே? அவரும் சற்று முன்னால் இப்படித்தான் நின்றார், உனக்கு என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை அவள்தான் தன் வாயால் நிரப்பிக்கொண்டாள், அவர் வாயில் அப்போது இருந்தது அதேதானா? கேட்கலாம். கேட்கவில்லை. அவர் புட்டியை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அவர் கையிலிருந்த துண்டு மெல்ல அவிழ்ந்து தரையில் விழுந்தது.

"அந்தப் பையை இனிமே மெஷின்ல போடாதீங்க," என்றாள், கோபமாகத்தான். குனிந்து துண்டை எடுத்தாள், முகத்துக்கு அருகே கொண்டுபோகப் பயந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.