எட்டாவது கழுவல்

என் சகலை பெரிய விஞ்ஞானி. அவர் நடந்து வந்தால் ஆய்வகத்துக் கதவு தானாகத் திறக்கும். தானியங்கிக் கதவு யார் வந்தாலும் திறக்கத்தான் செய்யும். ஆனால் அவருக்கு மட்டும் கொஞ்சம் குனிந்து திறக்கும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் நானும் விஞ்ஞானி ஆகியிருப்பேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். நான் அவருடைய ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க, வீட்டுலதான் சகலை. இங்க நான் சார். வாசல்ல செருப்பைக் கழட்டும்போது உறவையும் சேர்த்துக் கழட்டி வெச்சுட்டு வாங்க."

இருபத்தாறு வருஷம் அப்படியேதான் செய்தேன். செருப்பு அலமாரியில் மேல் தட்டில் செருப்பு, கீழ்த் தட்டில் உறவு.

எங்கள் வேலை மைட்டோகாண்ட்ரியாவோடு. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எரிகிற குட்டி அடுப்பு அது. நாம் தின்பதை ஆக்சிஜன் வைத்து எரித்துத் தெம்பாக மாற்றுவது அதுதான். எலியின் தசையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பியில் விட்டு மூடினால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்ன ஆரம்பிக்கும். ஆக்சிஜன் குறையக் குறையத் திரையில் ஒரு கோடு சரியும். கோடு செங்குத்தாகச் சரிந்தால் அடுப்பு நன்றாக எரிகிறது, படுத்துக்கொண்டால் அணைந்துவிட்டது. கடைசியில் ஒரு சொட்டு நஞ்சு விட்டு நாமே அணைக்க வேண்டும். அப்போதுதான் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இளம் எலி, கிழ எலி இரண்டையும் வைத்துச் சகலை இதை வருஷக்கணக்காகச் செய்துவந்தார். இளசின் கோடு சரியும். கிழத்தின் கோடு பாதிதான் சரியும். வயதானால் அடுப்பு மங்கிவிடும் என்று அவரும் எழுதினார், உலகமும் எழுதியது. எனக்கும் வயதாகிக்கொண்டிருந்ததால் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் வயிறு எரியும். அந்த எரிச்சலைப் பார்த்தால் என் அடுப்பு மங்கினதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் இளம் எலி ஒன்று தப்பித்துப்போய்ச் சகலையின் மேலங்கிப் பையில் மூன்று நாள் குடித்தனம் நடத்தியது. வாடகைக்கு ஆள் தேடியதாகக்கூடப் பேச்சு. அது அகப்படும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று கிழ எலியின் அடுப்பை முதலில் குப்பியில் விட்டு ஓட்டினேன். கோடு சர்ரென்று சரிந்தது, இளசுக்குச் சரிகிற அதே வேகத்தில்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்லா ஆய்வகத்திலும் ராத்திரி முழுக்க ஊறிச் சுத்தமான குப்பியில் முதலில் இளசு, பிறகு நஞ்சு, அதற்குப் பிறகுதான் கிழம். வயதானவர்களை வரிசையில் பின்னால் நிறுத்துவது உலக வழக்கம். இளசை அணைக்க விட்ட நஞ்சு குப்பியின் ரப்பர் மூடியில் ஒட்டிக்கொண்டு இருந்துவிடுகிறது. அடுத்து வருகிற கிழத்தின் தலையில் அது விடிகிறது.

எட்டு மாதம் அந்த மூடியோடு மல்லுக்கட்டினேன். ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினால் போகவில்லை. மூன்று தடவை, ஐந்து தடவை, ம்ஹூம். கடைசியில் ஏழு தடவை ஸ்பிரிட், எட்டாவதாக வேறொரு சோதனைக்கு அரைத்த எலி ஈரல் சாற்றில் மிச்சம் இருப்பதை ஊற்றி அரை மணி விட்டேன். அந்தச் சாற்றிலும் மைட்டோகாண்ட்ரியா நிறைய இருக்கும். ஒளிந்திருந்த நஞ்செல்லாம் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிறகு இளசானாலும் கிழமானாலும் ஒரே கோடுதான். எல்லாவற்றையும் பச்சை அட்டை நோட்டில் எழுதி, வரைபடங்களோடு சகலையின் மேஜையில் வைத்தேன்.

அவர் வரைபடங்களைப் பார்த்தார். கண் விரிந்தது. நோட்டைப் புரட்டினார், சுருங்கியது.

"இது என்ன, பாத்திரம் கழுவுற கதையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க?"

"அதுலதான் சார் விஷயமே இருக்கு."

"கழுவுறது கழுவுறவன் வேலை. எழுதுறதுதான் ஆராய்ச்சி. படத்தை மட்டும் குடுங்க, நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஐந்து மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. கிழட்டு அடுப்பும் இளசைப் போலவே எரிகிறது என்று கண்டுபிடித்தவர் சகலை. என் நாற்பத்தெட்டு வரைபடங்களும் இருந்தன. என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், எறும்பு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவு எழுத்தில், 'கண்ணாடிச் சாமான்களைக் கழுவிய ஊழியருக்கு நன்றி' என்று இருந்தது. செய்முறைப் பகுதியில் என் எட்டு மாதத்துக்கு ஒரே வரி: 'குப்பி ஸ்பிரிட்டால் கழுவப்பட்டது.'

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி என் மனைவிக்குப் போன் செய்தாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் கழுவுறதுல கெட்டிக்காரராமே? எங்க வீட்டுலயும் நாலு பாத்திரம் கெடக்கு, அனுப்பி வையேன்."

என் மனைவி போனை வைத்த வேகத்தில் பக்கத்து வீட்டில் மணி அடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அக்கா புருஷனாச்சேன்னு பார்த்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"நான் எங்க பார்த்தேன்? உறவு செருப்பு அலமாரியிலதானே இருக்கு."

காத்திருந்தேன். பழிக்கு அவசரம் ஆகாது. அவசரப்பட்டால் வெறும் கோபமாகிவிடும்.

ஒரு வருஷத்தில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மற்ற ஆய்வகங்களிலிருந்து கடிதம் மேல் கடிதம்: நீங்கள் எழுதியபடியே செய்தோம், கிழத்தின் கோடு பாதிதான் சரிகிறது, பொய் சொல்கிறீர்களா? சகலைக்கு இயக்குநர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நேரம். நேரில் பார்த்து முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு வந்தது. தலைவி, நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட ஓர் அம்மா. மற்ற இருவருக்கும் தலையாட்டுவது உத்தியோகம்.

எனக்கும் அதில் ஆபத்து இருந்தது. கட்டுரை பொய் என்று குழு எழுதிவிட்டால், அதோடு என் கண்டுபிடிப்பும் குழிக்குள் போய்விடும். பிறகு பச்சை நோட்டை யார் திறந்து பார்ப்பார்கள்? இரண்டு ராத்திரி யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் கட்டுரையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

குழுவின் கண் முன்னால் இளசின் கோடு சறுக்குமரத்தில் குழந்தை மாதிரி சரிந்தது. நஞ்சு விட்டேன், படுத்தது. சகலை அந்த அம்மாவிடம் தன் உள்ளுணர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஸ்பிரிட்டை ஊற்றினேன், ஒரு சுழற்று, கொட்டினேன். ஒரே தடவை. பிறகு கிழத்தை விட்டேன்.

கோடு மத்தியான வெயிலில் நாய் மாதிரி படுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை ஓட்டுங்க," என்றார் சகலை, பல்லைக் கடித்துக்கொண்டு. ஓட்டினேன். இந்த முறை நாய் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"என்ன செஞ்சீங்க?"

"கழுவினேன் சார்."

"எப்படி?"

பையிலிருந்து கட்டுரையை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தேன். "'குப்பி ஸ்பிரிட்டால் கழுவப்பட்டது.' சார் எழுதினபடிதான் செஞ்சேன். எழுதுறதுதானே ஆராய்ச்சி."

"எப்பவும் கழுவுற மாதிரி கழுவ வேண்டியதுதானே!"

"எப்பவும் எப்படிக் கழுவுவேன் சார்?"

அறையில் குளிர்பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் மரியாதைக்காக நிறுத்திக்கொண்டது. அந்த அம்மா மெல்லச் சகலையின் பக்கம் திரும்பினார்.

"நல்ல கேள்வி. எப்பவும் எப்படிக் கழுவுவார்?"

சகலை ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பார்த்தார், வைத்தார்.

"நல்லா கழுவுவார்."

"நல்லான்னா?"

சகலை என் பக்கம் திரும்பினார். இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக அந்த அறைக்குள் அந்தச் சொல் கேட்டது.

"சகலை... சொல்லுங்களேன்."

"அவர் வெளிய செருப்பு அலமாரியில இருக்கார் சார். கூட்டிட்டு வரட்டுமா?"

தலையாட்டும் இருவரும் தலையாட்ட மறந்துவிட்டார்கள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. கிழ எலிக்கு இந்தக் கோடு முதல்ல யாருக்கு வந்துது?"

சகலை தரையைப் பார்த்தார். பதவி, பெயர், முப்பது வருஷ மதிப்பு எல்லாம் அங்கேதான் சிதறிக் கிடந்திருக்க வேண்டும்.

"இவருக்கு."

"கொஞ்சம் சத்தமா சார், எனக்குக் காது மந்தம்," என்றேன். அடுத்த அறை எலி கனவில் முனகினாலும் என் காதில் விழும். அது வேறு விஷயம்.

"இவர்தான் கண்டுபிடிச்சார்!"

பச்சை நோட்டை எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தேன். ஏழு தடவை ஸ்பிரிட், எட்டாவது ஈரல் சாறு, அரை மணி. பிறகு கிழத்தை விட்டேன்.

சர்ரென்று சரிந்தது. இளசின் கோட்டின்மேல் வைத்தால் எது எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அந்த அம்மா திரையில் இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா நாங்க எல்லாரும் அளந்தது..."

"கிழத்தை இல்லம்மா. இளசு விட்டுட்டுப் போன நஞ்சை."

திருத்தம் அச்சில் வந்தது. முதல் பெயர் என்னுடையது. இயக்குநர் பதவி வேறு யாருக்கோ போனது. அதோடு விட்டிருந்தால் நான் பெருந்தன்மையான ஆள் ஆகியிருப்பேன். அந்த அவப்பெயர் எனக்கு வேண்டாம் என்று பார்த்தேன். குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது: நாற்பத்தெட்டு ஓட்டங்களையும் முதலிலிருந்து செய்துகாட்ட வேண்டும், நோட்டு எழுதுகிற பொறுப்பு என்னுடையது, கழுவுகிற ஆளை நானே நியமிக்கலாம்.

நியமித்தேன்.

உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொண்டு பச்சை நோட்டைத் திறந்தேன். சகலை கையுறை மாட்டி, குப்பியில் ஸ்பிரிட்டை ஊற்றிச் சுழற்றிக் கொட்டினார். அக்கா வீட்டிலிருந்து போன் வந்து நான்கு வாரம் ஆகிறதாம். என் மனைவிதான் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏழு," என்றார் சகலை.

"ஆறு," என்றேன்.

"நான் எண்ணினேனே சகலை!"

"சார்னு சொல்லுங்க. நோட்டுல ஆறுன்னு எழுதிட்டேன். எழுதுறதுதானே ஆராய்ச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். மறுபடியும் ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

அது முதல் ஓட்டம்.