பக்கத்தைத் திறந்தால் பாடும்

“அந்தப் பாட்டை நீங்க போடலையா?”

“போட்டேன்னு நான் எப்பச் சொன்—”

“இத்தனை வருஷமா நான்—”

“சொல்ல விடு. நான் போடல. அதுவா வந்துச்சு.”

“அதுவா வர்றதுக்கு அது என்ன ஜலதோஷமா?”

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். கன்னம் வீங்கி என் வாய் அடைத்துக் கிடந்தது. காதுக்கு மட்டும் விடுமுறை இல்லை. எதிரே ஒரு கணவன் மனைவி. திருமண நாள் வருகிறதே, நம்மைச் சேர்த்துவைத்த பாட்டைப் பாடியது யார் என்று அவள் கேட்டிருக்கிறாள். மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இணையம் இளமையாக இருந்த காலத்தில் இரண்டு இதயங்கள்—’

அடித்துவிட்டேன். என் வயதுக்கு ஆகாது.

2

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு: அன்றைய நட்புத் தளங்களில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல அதற்கு நிறம் பூசலாம், நட்சத்திரம் உதிர விடலாம், ஒரு பாட்டையும் வைக்கலாம். யார் திறந்தாலும் பக்கமே பாடும். (என் பக்கமும் பாடியது. நிறுத்தத் தெரியாததால் அலுவலகமே என் ரசனையைப் பொறுத்துக்கொண்டது.) ஒரு பாட்டை இறக்குவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டுவிடலாம். நடுவில் யாராவது இணையம் வந்த அதே கம்பியில் தொலைபேசியை எடுத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அப்படிக் காத்திருந்து கேட்ட பாட்டைச் சும்மா மறந்துவிட முடியுமா?

3

கதையில் கணவரை முதலில் பொறியாளர் ஆக்கினேன். வாயே திறக்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் புகார் எழுதிக்கொள்பவராக மாற்றினேன். கொட்டித் தீர்த்துவிட்டார்:

“ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கரே கிடையாதும்மா. யாரோ ஒருத்தன் பக்கத்துல நட்சத்திரம் கொட்டிச்சு. அழகா இருக்கேன்னு அவன் கோடிங்கை அப்படியே எடுத்து என் பக்கத்துல ஒட்டினேன். கூடவே பாட்டும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்?”

“‘அருமையான தேர்வு’ன்னு எழுதினேனே, ‘நன்றி’ன்னு பதில் போட்டீங்களே!”

“நட்சத்திரத்தைச் சொல்றியாக்கும்னு நெனச்சேன்.”

அவளை மருந்துக்கடையில் உட்காரவைத்தது நான். மதியம் கூட்டம் குறைந்ததும் அவர் பக்கத்தைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பேன் என்று சொன்னது அவள். இப்படியொரு பாட்டைத் தேடி எடுத்தவனோடு வாழலாம் என்று நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். தேடி எடுத்தவன் வேறு எவனோ. உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது, கன்னம் விண்ணென்று தெறித்தது. அவள் சிரிக்கவில்லை.

4

முடிவுக்குச் சில யோசனைகள்.

பாட்டைத் தேடிப்பிடித்து இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். நடக்காது. தளம் மூடியபோது பாட்டும் போய்விட்டது. தலைப்பும் தெரியாது, பாடியவர் பெயரும் தெரியாது.

நட்சத்திரக்காரன் வந்து கதவைத் தட்டுகிறான். [வேண்டாம். கடைசி நேரத்தில் வரும் விருந்தாளிக்கு எங்கே பாய் போடுவது?]

அவள் அவரை மன்னித்து— எதற்கு மன்னிக்க? ஸ்பீக்கர் இல்லாததற்கா?

5

ஆகவே, காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன். வேண்டுமானால் மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இனிமே அதை நான் முணுமுணுக்கவே மாட்டேன்.”

“எதை?”

“அந்தப் பாட்டைத்தான். காலையில சமையல்கட்டுல தினம் முணுமுணுக்கிறேனே, கேட்டதே இல்லையா?”

“அதுவா?”

கணவர் கையிலிருந்த பத்திரிகையை மடிக்கும் சத்தம் கேட்டது.

“அது நீயா கட்டின மெட்டுன்னுல்ல நெனச்சேன்.”

“நானாவது, மெட்டுக் கட்டுறதாவது!”

“அதைக் கேக்கத்தான் அங்க வந்து உக்காந்து பேப்பர் படிக்கிறேன். வெளிச்சம் நல்லா இருக்குன்னு உன்கிட்ட சும்மா சொன்னேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுந்தேன். முட்டிவலி ஒரு நன்மை செய்தது அன்றைக்குத்தான். கதவு சாத்துமுன் கணவர் அந்த மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். சுருதியும் இல்லை, வெட்கமும் இல்லை. காத்திருந்தவர்கள் வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் சட்டென்று நின்றார்.

“இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும், அதுக்குள்ள நீ மிக்சியைப் போட்டுடுவ. அப்புறம் எப்படிப் போகும்?”