டிரம்முக்குப் பல் அடைத்த கதை

1

இந்தக் கதை எனக்குக் கடைவாய்ப் பல் வழியாக வந்தது. நான் வாயைப் பிளந்து படுத்திருக்க, பல் டாக்டரம்மா குடைந்துகொண்டே தன் பழைய டிரம் செட்டைப் பற்றிச் சொன்னார். "ஆ" தவிர வேறு கேள்வி எதையும் என்னால் கேட்க முடியவில்லை. கதையில் எங்காவது விவரம் போதவில்லை என்றால் அதுதான் காரணம்.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'காலத்தின் தூசு போர்த்திய அந்த முரசுகள், மௌனத்தின் கருவறையில்...'

வேண்டாம். டிரம் செட் கிடந்தது கிடங்கில். போர்த்தியிருந்தது எலிப்புழுக்கை.

2

டாக்டரம்மா கல்லூரி நாட்களில் இசைக்குழுவில் டிரம் வாசித்தவர். பிறகு கிளினிக், கல்யாணம் என்று வாழ்க்கை வேறு தாளத்துக்குப் போக, (இந்த உருவகத்தை யாராவது எடுத்துவிடுங்கள்) டிரம் செட் அண்ணன் கடையின் கிடங்குக்குப் போனது. கடையை மூடியபோது அண்ணன், "உன் தகர டப்பாவ நீயே வெச்சுக்கம்மா" என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மதிய இடைவேளைகளில், கிளினிக்கின் பின்னறையில் வைத்தியம் தொடங்கியது. பல்லில் காறை சுரண்டும் கொக்கியால் திருகு இடுக்குகளில் இருந்த துருவைச் சுரண்டினார். பல்லை மெருகேற்றும் பசையை இரும்பு வளையங்களில் தேய்த்தார். அழுக்குக்கு அடியிலிருந்து சிவப்பு மினுமினுப்பு எட்டிப் பார்த்ததும், "வந்துட்டியாடா என் ராஜா!" என்று கத்திவிட்டார். முன்னறையில் பல் பிடுங்கக் காத்திருந்தவர் சத்தம் போடாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நடு டிரம்மின் மரக்கூட்டில் ஓர் ஓட்டை. பாட்டுக்கு நடுவே தட்ட ஒரு மணி மாட்டவேண்டும் என்று அந்தக் காலத்தில் அவரே போட்டது. ஓட்டையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவின் கை சும்மா இருக்குமா? பல் அடைக்கும் பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, உள்ளே மர நிறம், வெளியே மினுமினுக்கும் நகப்பூச்சு. ஓட்டை போன இடம் தெரியவில்லை.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: தான் அடைத்த பல் எதுவும் இதுவரை பெயர்ந்ததில்லை என்றார். அப்போது அவர் விரல்கள் என் வாய்க்குள் இருந்ததால் ஆதாரம் கேட்கவில்லை.)

3

அடுத்து வருகிற, பழைய வாத்தியங்களுக்கு விலை சொல்லும் மதிப்பீட்டாளர் மீது எனக்கே சந்தேகம். வெள்ளைக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி, வாய் திறந்தால் 'பாரம்பரியம்'. இப்படி ஒருவர் இருப்பாரா? ஒரு வரைவில் கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஆளே இல்லை. திரும்பவும் மாட்டிவிட்டேன்.

அவரை அழைத்துவந்தது டாக்டரம்மாவின் கணவர். நேற்றுவரை "அந்தச் சனியன்" என்றவர், இன்று காலை முதல் "நம்ம கலெக்‌ஷன்" என்கிறார்.

மதிப்பீட்டாளர் டிரம்மின் மரக்கூட்டைச் சுற்றிவந்தார். முகர்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"ஒரு ஓட்டைகூட இல்ல. கைபடாத பீஸ் சார்!"

"ஓட்டை இருந்துது. நான்தான் அடைச்சேன்," என்றார் டாக்டரம்மா.

"மேடம், எனக்கு மீசை முளைச்ச நாள்லேருந்து டிரம் ஷெல் பாக்கறேன்."

"அதோ, அங்கதான்."

"எங்க?"

டாக்டரம்மா விரலை நீட்டினார். கொஞ்சம் தள்ளி நீட்டினார். அவருக்கே பிடிபடவில்லை.

"விடும்மா, உனக்கு எப்பவும் சொத்தைப் பல்லு நெனப்புதான்," என்றார் கணவர்.

வாங்குவதற்கு ஒரு காட்சிக்கூடம் தயாராக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழிருந்து விளக்குப் போடுவார்களாம். இனி யாரும் அடிக்கக் கூடாது.

"அடிக்காம வெக்கறதுக்கு டிரம் எதுக்கு? பீப்பா வாங்கிக்கச் சொல்லுங்க!"

"மேடம், இது உலகத்தோட சொத்து."

"சரி, ஒரே ஒரு அடி. அடைப்பு பேந்துதுன்னா டிரம் எனக்கு. பேந்து போகலேன்னா எடுத்துட்டுப் போங்க. என்னங்க, சம்மதமா?"

கணவர் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். அவர் மாட்டேன் என்றால் தன் கண்ணையே தான் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். கையுறை இரண்டும் மெல்ல மேலே எழுந்து சம்மதம் சொல்லின.

4

டாக்டரம்மா உட்கார்ந்தார். எதிரெதிர்த் திருகுகளாக முடுக்கி, விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கால் தானாக மிதியைத் தேடிப் போனது. முதுகு நிமிர்ந்தது. கல்லூரி மேடையில் இருந்த அதே பெண்! குச்சி உயர்ந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது: நான் அடைச்சது எதுவும் பேந்ததே இல்லையே!

பெயர்ந்தால் டிரம் கிடைக்கும், பெயர் போகும். நின்றால் பெயர் நிற்கும், டிரம் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அடைப்பைத் தெறிக்கவிட்டு மதிப்பீட்டாளரின் பூதக்கண்ணாடியில் ஒட்டவைத்தேன். மிகவும் ரசித்தேன், அதனாலேயே நம்பவில்லை. இன்னொன்றில் அடைப்பு அசையவில்லை, அவரோ ஓர் அடியோடு நிறுத்தாமல், விளக்கு அதிர, மருந்துப் புட்டிகள் குதிக்க

5

"துப்புங்க," என்றார் டாக்டரம்மா.

"அப்பும் எம்ம ஆச்சு?" மரத்த நாக்கால் கேட்டேன்.

"மரப்பு போறவரைக்கும் எதையும் கடிக்காதீங்க. அடுத்தவங்க வரலாம்!"

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

முடிவை நான் எழுதுவது நியாயமில்லை. டிரம் அவருக்கே கிடைக்கவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் அதே கை, அதே பசை, இப்போது என் கடைவாயில் இருக்கிறது. இதை எழுதும்போதே நாக்கு அங்கே போய்ப் போய்த் தடவுகிறது.

ஆகவே குச்சியை உங்களிடம் கொடுக்கிறேன். அடியுங்கள்.

கொஞ்சம் பார்த்து.