மருத்துவச்சியின் நெற்றி

கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம்கூட இல்லாதபோதுதான் வர்ஷினி அந்தப் பொட்டைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்தது மருத்துவச்சிக் கையேடு. நூற்றைம்பது வயதுப் புத்தகம். பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவிடம் இருக்கும் ஒரே பிரதி. முதல் பக்கத்தில், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் நெற்றியில், கொஞ்சமும் கோணாமல், சந்தனம். அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜை விடுமுறை முழுக்க ஈரம் ஊறி, சிவப்பு கன்னம்வரை இறங்கியிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. இந்தக் கண்காட்சிக்காகத் தூசி தின்று, விளக்க அட்டை எழுதி, அதையும் மேலிடம் சொன்னபடியெல்லாம் திருத்தி ஓய்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் பிரிவில் பூஜை. ஸ்கேனர், பீரோ, சாவிக்கொத்து என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது பாஞ்சாலி. கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. ஆற்றங்கரைக் குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபின் ரெண்டு பஸ் மாறி வருகிறவள். பெட்டிக்குக் கண்ணாடி மாட்டுகிறவர்கள் அதற்கப்புறம்தான் வந்தார்கள். பூஜை நாளில் அவர்களுக்கு ஒரு பொட்டு வித்தியாசமாகப் பட்டிருக்காது.

"நீங்கதானே வச்சீங்க?"

"ஆமா மேடம்." பாஞ்சாலி மாப்புக் கட்டையோடு நின்றாள். "தொடப்பத்துக்கே வச்சாச்சி. இந்த ரூம்லியே பெரிய பொருளு இதான்னு நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க. அத்த மட்டும் எப்டி வுடறது? இன்னா, தப்பாயிட்ச்சா?"

எட்டிப் பார்த்தாள். சிவப்பு இறங்கியிருந்ததைக் கண்டதும் முகம் செத்துப்போனது.

"வேலைய வுட்டு தூக்கிடுவாங்களா மேடம்?"

வர்ஷினி நூலக இயக்குநர் சாய்நாத்துக்குப் போன் செய்தாள். அவர் குரலிலும் அலுப்புதான். "அதை எடுத்துட்டு வேற புஸ்தகம் வைங்க. யார் பண்ணதுன்னு பேர் போட்டு உடனே மெயில் அனுப்புங்க. கான்ட்ராக்ட் ஆள்தானே, மாத்திடலாம்."

"சார், அன்னிக்கு நாம எல்லாரும்தான் இருந்தோம்."

"எனக்கு ஒரு பேர் வேணும் வர்ஷினி."

பாஞ்சாலி என்று எழுதினால் காரியம் முடிந்தது. எழுதாவிட்டால் விசாரணை, விளக்கக் கடிதம், அதற்கு ஒரு கமிட்டி. நினைக்கும்போதே தோள் வலித்தது. பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எல்லாம் தன் தலையிலேயே வந்து விடிகிறதே என்றிருந்தது.

பாஞ்சாலி போகவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

மெயில் எழுத, வர்ஷினி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். மூடியின் நடுவில், வீட்டுப் பூஜையன்று காலையில் மாமியார் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. திறக்கும்போது குங்குமம் கொஞ்சம் மேசையில் உதிர்ந்தது. விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள். தரையில் தட்ட மனசு வரவில்லை. மாப்புக் கட்டை துடைப்பதை நிறுத்தியிருந்தது. பாஞ்சாலி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.