டெஸ்டர் எரிந்தது, டிக் போட்டேன்

மின்சார அலுவலகத்தில் சேர்ந்த நாலே மாதத்தில் நாற்பத்தொரு இடங்களைச் சோதித்தேன். சுவிட்ச் பெட்டியில் டெஸ்டரை வைப்பேன், அதன் குட்டி விளக்கு எரியும், 'கரண்ட் சரியாக உள்ளது' என்ற கட்டத்தில் டிக். இரண்டே நிமிடம்! எல்லோரும் என்னை 'ராக்கெட்' என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணி நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்துக்கும் அதே வேகத்தில்தான் டிக். அன்று அண்ணி லீவு.

நேற்று அண்ணி கூப்பிட்டுவிட்டார். வராந்தாவில் கைக்குழந்தைகளோடு பதினேழு பெண்கள். உள்ளே அண்ணி ஃப்ரிட்ஜிலிருந்து தடுப்பூசிக் குப்பிகளை எடுத்துக் கழிவு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்லையா அண்ணி?"

"இருக்கே! பல்ப் அழுது வடியுது பாரு. ஃப்ரிட்ஜ்தான் ஓட மாட்டேங்குது."

பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்தேன். இத்தனை நாளாக உறையே பிரிக்கவில்லை. இருநூற்று முப்பது காட்ட வேண்டியது நூற்று முப்பது காட்டியது. டெஸ்டர் எரிய அது தாராளம்.

"கரண்ட் பத்தலைனு டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மூணு தடவை எழுதிட்டேன். எல்லாம் சரியா இருக்குனு உங்க ஆபீஸ் பதில் போடுது. எந்த மகராசன் வந்து பாத்தானோ!"

மீட்டரைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

வாசலில் ஒரு அம்மா சீறினார். "மருந்தை ஒழுங்கா வெக்கத் தெரியாதா நர்சம்மா? ரெண்டு பஸ் மாறி வரேன். இன்னொரு லீவு போட்டா என் வேலை போயிடும்!"

"மன்னிச்சுக்கம்மா," என்றார் அண்ணி.

என் தப்புக்கு அண்ணி மன்னிப்புக் கேட்கிறார்.

"அவங்களைத் திட்டாதீங்கக்கா. கரண்ட் சரியா இருக்குனு எழுதினது நான்தான்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பாக்காமலேயா எழுதின?"

"பாத்தேன்... ஒழுங்கா பாக்கலக்கா."

"நல்லாப் பாத்தே போ," என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் செய்தேன். "சார், மத்த நாற்பதையும் திரும்பப் பாக்கணும்."

"லிஸ்ட் மேலிடத்துக்குப் போயாச்சு ராக்கெட்டு. என் தலையை உருட்டாதே."

"நான் எழுதிக் கொடுத்துடறேன் சார்."

வெள்ளைத்தாளில் நூற்று முப்பது என்று எழுதினேன். அதன் கீழே, முதலில் தவறாகச் சோதித்தவன் நான் என்றும். அண்ணி தாளை வாங்கி, நிலையத்தின் முத்திரையைக் குத்தித் திருப்பித் தந்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.