‘ம்’ கொட்டுதல்

மும்பையின் கல்யாண் ஸ்லோ லோக்கல் ரயில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததுமே சாருலதாவின் விரல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. புனேயிலிருந்து மகன் சாய்நாத், துவரம்பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்டிருந்தான். ஆபீஸ் குரூப்பில் மீட்டிங்கைப் பற்றி வாக்குவாதம். நாத்தனார் புடவைப் படங்களாக அனுப்பி எதை எடுக்கலாம் என்றாள். நடுநடுவே டோம்பிவிலியிலிருந்து அம்மு. மகனுக்கு “நாலு”, ஆபீஸுக்கு ஒரு தம்ஸ் அப், நாத்தனாருக்கு “நடுவில் இருப்பது”. அம்முவுக்கு மட்டும் “ம்ம்”. பழைய சிநேகிதி, அவளுக்கென்று வார்த்தை தேட வேண்டாம்.

பைகுல்லா தாண்டியதும் அம்முவிடமிருந்து வந்தது: “அப்பறம் எங்காத்து பால்கனிக்கு ஒட்டகம் வந்து காபி கேட்டுது.”

“ம்ம்.”

“மாட்டிண்டியா!”

சாருலதாவுக்குச் சுருக்கென்றது. அம்மு மாட்டுங்காவில் எதிர் பில்டிங்கில் குடியிருந்த நாட்களில், இருவரும் இதே லேடீஸ் பெட்டியில் நசுங்கியபடி பேசிக்கொண்டு வருவார்கள். சுற்றிலும் மராத்தியும் குஜராத்தியும் இரையும். காது மட்டும் அம்முவிடம் இருக்கும். ‘ம்’ கொஞ்சம் தொய்ந்தால் போதும், அம்மு கதைக்குள் ஓர் ஒட்டகத்தை அவிழ்த்துவிடுவாள். அப்போது ஒருநாளும் சாரு மாட்டியதில்லை.

மேலே தள்ளிப் படித்தாள்.

“ஃப்ளாட்டை வித்தாச்சுடீ.” ம்ம்.

“பிள்ளை வெங்கடேஷோட பெங்களூருக்கே போயிடறோம்.” ம்ம்.

“ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். உன்னைப் பார்க்காமலே போயிடுவேனோன்னு இருக்கு.” அதற்கும் ம்ம்.

உடனே கூப்பிட்டாள்.

“யாரு, ம்ம் மாமியா?” என்றாள் அம்மு.

“கொல்லாதேடீ. பிள்ளைகிட்ட போறதை ஃபோன்ல சொல்லப்படாதா?”

“பண்ணினா எடுக்கறியா? ‘மெசேஜ் போடு’ன்னு சொன்னது யாரு?”

அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு டேப் இழுக்கும் சத்தம் கேட்டது.

“எல்லாம் கட்டியாச்சா?”

“பாதி. ஆத்துல பூரா புழுதி, உட்கார இடம் இல்லை.”

அவள் இறங்க வேண்டிய மாட்டுங்கா வந்துவிட்டது. வழக்கம்போலக் கால்கள் அவளைப் பெட்டி வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

“உதர்னா ஹை க்யா, ஆன்ட்டி?” இறங்கணுமா என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் இடித்தாள்.

“நஹி, ஆப் உத்ரோ.” இல்லை, நீ இறங்கு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள்.

“ஸ்டேஷன் வந்துடுத்து போலிருக்கே,” என்றாள் அம்மு. “இறங்கு. அப்பறம் பேசலாம்.”

காதோரத்தில் யாருடைய செய்தியோ டிங்கென்றது. அவள் பார்க்கவில்லை. வண்டி அடுத்த ஸ்டேஷன் சயான் பக்கமாக நகரத் தொடங்கியது.

“நீ சொல்லிண்டே இரு. டோம்பிவிலி வரைக்கும் இதே வண்டிதான்.”