உதட்டுப் பேச்சு

தறிகள் ஓடும்போது அந்தக் கூடத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிர்த்தறிக்காரி பார்த்தே புரிந்துகொள்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் திருதிரு முழிதான். பிறகு பழகிவிடும். பழகிய பிறகு விடாது.

மூத்தவளுக்கும் இளையவளுக்கும் அந்தப் பழக்கம் வீடுவரை வந்தது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். மாமியார் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கும்போதே அவளைப் பற்றிச் சத்தமில்லாமல் ஒரு பாட்டம் பேசி முடிப்பார்கள்.

"என்னடி ரெண்டு பேரும் மீன் மாதிரி வாயைத் தொறந்து தொறந்து மூடுறீங்க?"

"கொட்டாவி அத்தை" என்பாள் இளையவள்.

அப்படி இருந்தவர்கள்தான்.

தறிக்கூடத்துக்கு இரண்டு கதவுகள். முன்கதவில் காவலாளி. பின்கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு. துணி திருட்டுப் போகிறதாம். மழைக்கு முந்தைய மாதம் பின்பக்கம் பஞ்சுத் தூசியில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை, புகைதான். கடைசித் தறிக்காரிக்குப் பின்கதவு கைக்கெட்டும் தூரம். அதைத் தட்டித் தட்டி அங்கேயே விழுந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் மூச்சு இரைக்கிறது. இனி வேலைக்கு வரமாட்டாள்.

பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆள் உள்ளே இருக்கும்போது பின்கதவைப் பூட்டக் கூடாது.

மூத்தவள் முன்னால் நின்றாள். எல்லாரும் சேர்ந்து மேனேஜரிடம் போவது என்று தறிக்குத் தறி உதட்டாலேயே பேசி முடித்தார்கள். போகவேண்டிய அன்று மேனேஜர் ஊரில் இல்லை. பேசுவதாக இருந்த இரண்டு பேரைக் காலையிலேயே வேறு கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். சரி, அரசாங்க ஆய்வாளர் வரும்போது அவரிடமே சொல்லிவிடுவோம் என்று அடுத்த யோசனை. அவர் வந்தபோது பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"கதவு நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர். விரலில் ஒட்டிய பச்சையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் பூட்டு விழுந்தது.

யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வெளி ஆளாக இருக்க முடியாது. அந்தச் சத்தத்தில் யார் ஒட்டுக்கேட்பது? மேலே கண்ணாடி அறையில் சூப்பர்வைசர் இருப்பான். புதிதாக வந்தவன். பேச்சுக் குறைவு. அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதால் பெண்கள் அவனுக்குப் பல்லி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பல்லிக்குக் காது எங்க இருக்குன்னே தெரியாது" என்று உதட்டால் சொன்னாள் எதிர்த்தறிக்காரி. கனத்த கண்ணாடி போட்டவள், எல்லாருக்கும் அவள் சோடாபுட்டி. "இருந்தாலும் அங்க உக்காந்து என்ன கேக்கப் போறான்? நம்மள்ல ஒருத்திதான்."

மூத்தவளின் கண் தானாக மடிப்பு மேஜைக்குப் போனது.

இளையவளைத் தறியிலிருந்து எடுத்து மடிப்பு மேஜையில் போட்டிருந்தார்கள். கண்ணாடி அறைக்கு நேரெதிரே இருந்தது அந்த மேஜை. உட்கார்ந்து செய்யும் வேலை. தலைக்கு மேல் மின்விசிறி வேறு. எத்தனையோ பேர் கேட்டும் கிடைக்காத இடம். கேட்காத இவளுக்கு எப்படிக் கிடைத்தது? அங்கே போன நாளிலிருந்து ஒரு துணியை மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரிடமும் பேச்சு இல்லை. வாயையே காட்டுவதில்லை.

"தூசியாம்" என்றாள் சோடாபுட்டி. "தறியில நின்னப்போ இல்லாத தூசி, மடிக்கும்போது வந்துருச்சா?"

மூத்தவள் நூலைப் பார்த்துக் குனிந்தாள். ஆனால் முள் தைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் இளையவளின் காதருகே போய் வாய்விட்டே சொன்னாள்.

"வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடிச்சதும் எல்லாரும் பின்கதவுக்குப் போறோம். உடைச்சாவது தொறக்கிறோம். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அப்படி ஒரு திட்டமே இல்லை. இவள் ஒருத்திக்காகக் கட்டியது.

இளையவளின் கை பாத்திரத்தோடு நின்றது. "இதை எங்க வெச்சுப் பேசினீங்க?"

யார், எப்போது என்று கேட்டிருந்தால் மூத்தவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. எங்கே என்று எதற்குக் கேட்கிறாள்?

"எங்க வெச்சுப் பேசினா உனக்கென்ன?"

"இல்லக்கா, கூடத்துல வெச்சு மட்டும்..."

"துருவாதே. வந்து நில்லு, போதும்."

மறுநாள் தறியில் நின்றதும் சோடாபுட்டியிடம் உதட்டால் ஒப்பித்தாள். 'வியாழக்கிழமைன்னு அவகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். வேற ஒரு ஆளுக்குத் தெரியாது. அன்னைக்குப் பின்கதவுல என்ன நடக்குதுன்னு பாரு. நடந்தா அவதான்.'

சோடாபுட்டி கண்ணாடியை மேலே தள்ளினாள். 'கெட்டிக்காரிடி நீ.'

வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. பின்கதவின் மேல்பக்கத்துக் கம்பி வழியாக மட்டும் தொப்பிகள் தெரிந்தன. புதுக் காவலாளிகள், கையில் தடி. வராத கூட்டத்துக்குக் காவல் நின்றுவிட்டு வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூத்தவள் திறந்த சோற்றுத் தூக்கைத் திரும்ப மூடினாள். சந்தேகம் உறுதியானால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.

செய்தி ஒரு நொடியில் கூடத்தைச் சுற்றி வந்தது. அதன் பிறகு இளையவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெளியிலாவது முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் காதில் ஏதாவது விழும். அந்தக் கூடத்தில் பார்க்காவிட்டால் வாயைத் தைத்தது போலத்தான். இளையவள் துணிக்கட்டோடு ஒரு தறிக்குப் போய் நின்றாள். அந்தத் தறிக்காரி அறுந்த நூலைத் தேடினாள். அடுத்ததற்குப் போனாள். அங்கேயும் நூல் அறுந்திருந்தது. வாசலுக்கு வெளியே வந்தால் கூட்டம் அவளைச் சுற்றி விலகி நடந்தது, சேறு கிடப்பதைப் போல.

வீட்டிலும் அதுதான்.

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க."

"யார்கிட்ட சொல்லணுமோ அவன்கிட்ட போய்ச் சொல்லு."

கொழுந்தன் வந்து நின்றான். "அண்ணி, அவ ராத்திரியெல்லாம் தூங்கலை. ஏதோ சொல்லணும்ங்கிறா."

"பொண்டாட்டிக்கு வக்காலத்தா? நீங்க இதுல தலையிடாதீங்க தம்பி."

"அப்படி என்ன பண்ணிட்டா?"

"புகையில விழுந்தவ வீட்டுக்குப் போய்க் கேளுங்க."

மாமியார் இரண்டு மருமகள்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மீன் மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தப்பவே வீடு வீடா இருந்துச்சு" என்றாள்.

இப்போது யாரை நம்புவது என்ற யோசனையே மூத்தவளின் வேலையாகிவிட்டது. இளையவளை ஒதுக்கியும் காரியம் நகரவில்லை. போன வாரம் கூடத்தில் பேசிய இன்னொரு திட்டமும் பல் இளித்தது. இளையவளுக்கு ஒரு வார்த்தை தெரியாத திட்டம் அது. அப்படியானால் இன்னொருத்தியும் இருக்கிறாளா? சோடாபுட்டியின் மகனுக்குச் சமீபத்தில் இங்கேயே ஏற்றுமதிப் பிரிவில் வேலை கிடைத்ததே. மூத்தவள் அந்த நினைப்பை அங்கேயே மிதித்தாள். மிதித்த இடத்திலேயே அது மறுபடி முளைத்தது.

ஒரு முற்பகல். நூல் மாற்றிவிட்டு நிமிர்ந்தவள், மேலே கண்ணாடி அறையைப் பார்த்தாள். பல்லி எழுந்து நின்றிருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. கழுத்துப் பட்டை ஒரு பக்கம் காதைத் தொட்டது.

மூத்தவள் சோடாபுட்டியிடம் வாயசைத்தாள். 'அங்க பாரு. மாப்பிள்ளை பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. அவசரமா எங்கிருந்து கிளம்பினாரோ?'

சோடாபுட்டி குலுங்கினாள்.

பல்லி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். விரல்கள் மேலிருந்து கீழே இறங்கின. பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டான்.

மூத்தவளின் கை தறியிலேயே நின்றது.

தற்செயலாக இருக்கலாம். இருக்கட்டும். மறுபடி வாயசைத்தாள், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. 'கன்னத்துல என்ன, மையா?' சோடாபுட்டியைப் பார்த்துச் சொன்னாள். கண் மட்டும் மேலே.

பல்லி கன்னத்தைத் துடைத்தான். துடைத்த கையைப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. பிறகு கீழே பார்த்தான். மூத்தவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

வியாழக்கிழமை. வலை விரித்தது இளையவளுக்கு. சோடாபுட்டியிடம் சொல்வதாக நினைத்து, விரித்த சங்கதியை ஒப்பித்தது இவனிடம். இவன் ஆளை நிறுத்தி அதை மெய்யாக்கிக் காட்டினான். பெண்கள் தாங்களாகவே ஒருத்தியை வெட்டி வெளியே தள்ளினார்கள். இவனுக்கு ஒரு காசு செலவில்லை.

இளையவள் எங்கே வைத்துப் பேசினீர்கள் என்று ஏன் கேட்டாள் என்பதும் இப்போது தெரிந்தது. அந்தத் துணியை ஏன் கட்டினாள் என்பதும்.

சோடாபுட்டியிடம் சொல்ல வாய் எழுந்தது. உதட்டைக் கடித்து நிறுத்தினாள். இங்கே இனி ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஆனால் கை இருந்தது. தறிக்கூடத்தில் யாராவது கையை உயரத் தூக்கினால் ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ அடி. கேள்வி கேட்கக் கூடாது, தறியை நிறுத்த வேண்டும்.

மூத்தவள் தன் தறியை நிறுத்தினாள். கையைத் தூக்கினாள்.

சோடாபுட்டி நிறுத்தினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் நிறுத்தினாள். வரிசை வரிசையாகச் சத்தம் செத்தது. கடைசித் தறியும் நின்றபோது தொலைவில் குழாய் சொட்டுவது கேட்டது.

"யாருக்குடி? யாருக்கு அடி?" என்று நாலா பக்கமும் குரல்.

"யாருக்கும் இல்ல" என்றாள் மூத்தவள். அந்தக் கூடத்தில் தன் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. "பல்லி நம்ம உதட்டைப் படிக்கிறான். வந்த நாளா படிக்கிறான்."

"போடி பைத்தியக்காரி."

"பொத்தான் விஷயம் சொன்னேன்ல. சரி பண்ணிக்கிட்டான், பார்த்தியா இல்லையா?"

சோடாபுட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலே பார்த்தாள்.

பல்லி படியிறங்கி வந்தான். "யார் தறியை நிறுத்தச் சொன்னது?"

சோடாபுட்டி அவன் முன்னால் போய் நின்றாள். சத்தமே இல்லாமல் உதட்டால் ஒன்று சொன்னாள். அது இங்கே எழுதக்கூடியது இல்லை. பல்லியின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்தது.

"தெரியுதுடி இவனுக்கு!" என்று கத்தினாள் சோடாபுட்டி.

"எங்க கத்துக்கிட்டீங்க சார்?" என்றாள் மூத்தவள்.

அவன் தரையைப் பார்த்தான். "எங்கம்மா தறி ஓட்டினவங்க."

"இருக்காங்களா?"

"இல்ல."

"தப்பிச்சாங்க" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

அவன் திரும்பினான். படியேறிப் போய்த் தொலைபேசியை எடுத்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடு அசைந்தது. 'எல்லா தறியும் நின்னுடுச்சு சார்' என்றான். கீழே அத்தனை பெண்களும் அதைப் படித்தார்கள்.

மூத்தவள் மடிப்பு மேஜைப் பக்கம் திரும்பினாள். சத்தம் நின்றதிலிருந்து இளையவள் தலை நிமிரவே இல்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ இல்ல" என்றாள் மூத்தவள், எல்லாருக்கும் கேட்க. "இவதான்னு ஊரெல்லாம் சொன்னது நான். நான் சொன்னது பொய்."

இளையவள் மடித்ததை அடுக்கின் மேல் வைத்தாள். முகத்துத் துணியைக் கழுத்துக்கு இறக்கினாள். வாயைச் சுற்றித் தடம் விழுந்திருந்தது.

"இங்க வந்த அன்னைக்கு, தாகமா இருக்குன்னு பக்கத்துல இருந்தவகிட்ட உதட்டால சொன்னேன்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மேலேருந்து தண்ணி வந்துச்சு."

"நெசமான்னு தெரியறவரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டேன், சொல்ல வந்தப்போ கேக்க ஆள் இல்ல." மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தாள். அவள் நடப்பதற்கு வழி விட்டார்கள். இந்த முறை விலகியவர்கள் அவள் பின்னாலேயே வந்தார்கள்.

கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். தட்டவில்லை, கத்தவில்லை. தறி ஓடவில்லை, அவ்வளவுதான். தறி நின்றால் எத்தனை பேருக்கு வயிறு கலங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மேனேஜர் முன்கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுபடி வந்தார். எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். "தூக்குங்க. தூக்கி அந்தக் கதவு வழியா வெளிய விடுங்க" என்றாள் சோடாபுட்டி. சிரிப்பு வரிசையில் ஓடியது. மகனின் வேலை அவளுக்கு நினைவில்லாமல் இருக்காது. மூத்தவள் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள்.

பொழுது சாயும் முன் வெளியே பூட்டு திரும்பும் சத்தம் கேட்டது.

காவலாளி கதவை இழுத்துத் திறந்தான். "இன்னைக்குத்தான் தொறக்கச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு எனக்குத் தெரியாது."

"நாளைக்கு எங்களுக்குத் தெரியும்" என்று சோடாபுட்டி அவன் கையிலிருந்த பூட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காற்று உள்ளே வந்தது. பஞ்சு எழும்பிப் பறந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்தார்கள், குழந்தைகளைப் போல. இளையவள் மட்டும் நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

மூத்தவள் பக்கத்தில் போனாள். பழக்கத்தில் உதடு மட்டும் அசைந்தது. இளையவள் அதைப் படித்தாளா, பார்க்கவே இல்லையா என்று புரியவில்லை.

"வீட்டுல பேசிக்கலாம்க்கா" என்றாள் இளையவள்.

குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை. பேசிவிட்டுத் துணியை மறுபடி மேலே இழுத்துக் கட்டிக்கொண்டாள். அதன் பின்னால் அவள் வாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது போல மூத்தவளுக்குப் பட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.